சுறாவுக்கு அஞ்சுகிறோம், பேத்தைக்கு அஞ்சுவதில்லை: திருகோணமலைக் கடலைப் பற்றி நாம் நம்பும் பிழைகள்

நிலாவெளி ஆசிரியர்:

நமது கடலில் ஆளைக் கொல்லக்கூடிய உயிர் எது என்று தரம் ஒன்பது பிள்ளைகளிடம் கேட்டேன். சுறா என்றார்கள், திமிங்கிலம் என்றார்கள், பேய்க்கணவாய் (ஒக்டோபஸ்) என்றார்கள். உடலை ஊதிப் பெருக்கும் நச்சு மீனான பேத்தை என்று ஒருவரும் சொல்லவில்லை. கடற்பாம்பு என்று ஒரு பிள்ளை சொன்னபோது மற்றவர்கள் மறுத்தார்கள். அது கடிக்காது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம்.

கடற்கரையில் பிறந்து வளரும் பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். நம்மிடம் இருக்கும் அச்சம் இடம் மாறிக் கிடக்கிறது என்பதே என் கவலை. தீங்கு செய்யாததைக் கண்டால் அடித்துக் கொல்கிறோம். உயிரை எடுக்கக்கூடியதைக் கையால் தூக்கி எறிகிறோம், சில வேளைகளில் சட்டியிலும் போட்டுவிடுகிறோம்.

முதலில் சுறா. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், மனிதர் சீண்டாமல் சுறா தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 10 பேருக்கும் குறைவு. மனிதர் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி என்று 2013இல் வெளியான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. அடுத்தது திமிங்கிலம். நீலத் திமிங்கிலத்தின் வாய் மிகப் பெரியதுதான், ஆனால் அதன் தொண்டைக் குழி மனித உடல் இறங்க முடியாத அளவுக்குச் சிறியது. அது தின்பது விரல் நீளம்கூட இல்லாத இறால் வகைகளை.

உங்கள் ஊரில் சொல்லப்படுவதையும் எழுதுங்கள். கடலில் நாள்தோறும் இறங்குபவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவம் எனக்கு வேண்டும்.

---

கரைவலை (திருக்கடலூர்):

மாஸ்டர், சுறாவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. எங்களுக்குச் சுறாவோடு பகை என்றால் அது வலையைக் கிழிப்பதால்தான், ஆளைத் தின்னும் என்பதால் அல்ல.

கடற்பாம்பு விடயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வலையில் வராத நாள் குறைவு. என் அப்பாவும் பெரியப்பாவும் வாலைப் பிடித்துக் கடலுக்குள் எறிவார்கள், நானும் அப்படித்தான். அதன் வாய் மிகச் சிறியது, மனிதத் தோலைக் கவ்வ முடியாது என்பார்கள். எங்கள் துறையில் பாம்பு கடித்து எவரும் இறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. படித்தவர்கள் நூலில் இருப்பதைச் சொல்கிறீர்கள், நாங்கள் வலையில் வருவதைச் சொல்கிறோம்.

---

மூதூர்த் தாதி:

கரைவலை அண்ணா, கடற்பாம்பு பெரும்பாலும் கடிப்பதில்லை என்று நீங்கள் கண்டது உண்மை. அது தானாக வந்து தாக்கும் உயிர் அல்ல. கடித்தாலும் பல தடவைகளில் நஞ்சை இறக்குவதில்லை. ஆகவே உங்கள் துறையில் மரணம் நடக்காமல் இருந்திருக்கலாம்.

ஆனால் வாய் சிறியது, கவ்வ முடியாது என்பது பிழை. அதன் வாய் நன்றாக விரியும். தன் கழுத்தைவிடத் தடித்த மீனை முழுதாக விழுங்கும் உயிருக்கு ஒரு விரலைக் கவ்வுவது கடினமா? ஆசியக் கரையோரங்களில் கடற்பாம்பு கடித்து இறந்தவர்களில் பெரும்பாலோர் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த மீனவர்களே. அதிலும் மூக்கு முனை அலகுபோல வளைந்த ஓர் இனம் இருக்கிறது. கலங்கிய, ஆழம் குறைந்த நீரை விரும்புவது. கழிமுகங்களில் வலை போடுபவர்கள் அதைக் கட்டாயம் சந்திப்பார்கள்.

இதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஒன்று. அந்தக் கடி பெரும்பாலும் வலிக்காது. பற்கள் மிகச் சிறியவை, வீக்கமும் வராது. மீன் முள் குத்தியது என்று நினைத்து வேலையைத் தொடர்வார்கள். அரை மணிநேரத்திலிருந்து சில மணிநேரத்துக்குள் உடல் முழுவதும் தசைகள் வலிக்கும், தாடை இறுகும், கழுத்தைத் திருப்ப முடியாமல் போகும். பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். தசை சிதைந்து அதன் புரதம் இரத்தத்தில் கலப்பதன் அடையாளம் அது. சிறுநீரகம் பழுதடையும், பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடும்.

நாகம், புடையன் கடிக்கு நம் மருத்துவமனைகளில் ஏற்றும் இந்திய நச்சுமுறி மருந்து கடற்பாம்பு நஞ்சை முறிக்காது. அதனால் நேரத்தோடு வந்து சேர்வதே பெரிய மருந்து. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு வாருங்கள். ஒன்றும் செய்யவில்லையே என்று வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள்.

---

கரைவலை (திருக்கடலூர்):

தங்கச்சி, தாடை இறுகும் என்று எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். இரவில் வலை கழற்றும்போது கையில் என்ன குத்தியது என்று யார் பார்க்கிறார்கள்? முள் என்றுதான் நினைப்போம்.

ஒரு கேள்வி. விலாங்கும் பாம்பும் இருட்டில் ஒரே மாதிரித் தெரியும். விரைவாகப் பிரித்தறிவது எப்படி?

---

நிலாவெளி ஆசிரியர்:

வாலைப் பாருங்கள் தம்பி. கடற்பாம்பின் வால் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். உடலில் செதில் தெரியும், செவுள் துளை இருக்காது. விலாங்குக்குத் தோல் வழுவழுப்பாக இருக்கும், தலைக்குப் பின்னால் செவுள் துளை உண்டு, முதுகில் துடுப்பு நீளமாக ஓடும். கடற்பாம்புக்குச் செவுள் இல்லாததால் அது மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். அதன் நுரையீரல் ஏறத்தாழ உடல் நீளத்துக்கும் போகிறது. வலையில் நெடுநேரம் அமிழ்ந்து கிடந்தால் மூச்சு முட்டிச் செத்தும் போகும். அசையாமல் கிடப்பதை நம்பிக் கையை வைக்க வேண்டாம், நீண்ட தடியால் தள்ளிக் கடலுக்குள் விடுங்கள். அதைக் கொல்ல வேண்டிய தேவையே இல்லை.

---

கிண்ணியா உம்மா:

சேர், பேத்தையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சந்தையில் அதை யாரும் விற்பதில்லை. ஆனால் களப்புப் பக்கம் தூண்டில் போடும் பிள்ளைகளுக்குச் சின்னப் பேத்தை மாட்டும். தலையையும் குடலையும் வெட்டி எறிந்துவிட்டு, தோலை உரித்து, புளி போட்டு நன்றாகக் கொதிக்க வைத்தால் ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையா? ஆமை இறைச்சியைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது இல்லை, ஆனால் இரகசியமாகச் சமைக்கும் இடங்கள் உண்டு.

---

மூதூர்த் தாதி:

உம்மா, தயவுசெய்து அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் பேத்தையின் நஞ்சு அழியாது. புளியும் அதை முறிக்காது. அந்த நஞ்சின் பெயர் டெட்ரோடோடொக்சின். ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் அதிகம் இருக்கும். சில இனங்களில் சதையிலும் உண்டு. எந்த இனத்தில் எங்கே எவ்வளவு என்று வீட்டில் நின்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஜப்பானில் இந்த மீனை வெட்டிப் பரிமாறத் தனியாகப் பயிற்சி பெற்று உரிமம் எடுக்க வேண்டும்.

முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு கை, கால். பிறகு பேச்சுக் குழறும், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், கடைசியில் மூச்சுத் தசையும் நின்றுவிடும். நோயாளிக்குப் பெரும்பாலும் அறிவு தெளிவாகவே இருக்கும். நடப்பது எல்லாம் தெரியும், சொல்லத்தான் முடியாது. முறிமருந்து இல்லை. இயந்திரத்தின் உதவியோடு மூச்சைத் தாங்கிப் பிடித்தால், உடல் நஞ்சை வெளியேற்றியதும் பிழைத்துக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் மூச்சு நிற்பதற்கு முன்பு மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

ஆமை இன்னும் மோசம். இலங்கையில் எல்லாக் கடலாமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அழுங்காமை கடற்பஞ்சுகளையும் வேறு பல உயிர்களையும் தின்று வளர்வது. அதன் இறைச்சி சில வேளைகளில் கொடிய நஞ்சாக இருக்கும், அது பார்வையிலும் மணத்திலும் சுவையிலும் தெரியாது. 2024 மார்ச் மாதம் தன்சானியாவைச் சேர்ந்த பெம்பாத் தீவில் ஆமை இறைச்சி உண்டு 8 குழந்தைகளும் ஒரு தாயும் இறந்தார்கள், 78 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நஞ்சு தாய்ப்பால் வழியாகக் கைக்குழந்தைக்கும் போகும். போன தடவை சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லையே என்பது இதில் எந்த உறுதியும் தராது.

---

புறாமலைப் படகு:

சுற்றுலாப் பயணிகளைப் புறாமலைத் தீவுக்கு ஏற்றிச் செல்பவன் நான். 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். அங்கே கரையோரத்தில் இடுப்பளவு நீரிலேயே கருந்துடுப்புச் சுறாக்கள் வரும். காலையில் போனால் காணலாம். பெரும்பாலும் மனிதனைவிடக் குட்டையானவை, கூச்ச சுபாவம் கொண்டவை. நீரைக் காலால் அடித்தாலே ஓடிவிடும். பயணிகள் "ஒரு துளி இரத்தம் விழுந்தால் பல மைல் தூரத்திலிருந்து வந்துவிடுமாமே" என்று தவறாமல் கேட்பார்கள். மணம் என்பது நீரோட்டம் சுமந்து வந்து சேர்ந்தால்தான் எதற்கும் தெரியும். சுறாவின் மூக்குக் கூர்மையானது, ஆனால் மற்ற மீன்களின் மூக்கைவிட அத்தனை மடங்கு மேலானது அல்ல.

சுறா நீந்தாமல் நின்றால் செத்துவிடும் என்பார்கள். சில இனங்களுக்கு அது பொருந்தும். ஆனால் மணலில் அசையாமல் படுத்துக் கிடந்து, வாயால் நீரை உறிஞ்சிச் செவுள் வழியாக விடும் சுறா இனங்களும் பல உண்டு. கருந்துடுப்புச் சுறா முட்டை இடாது, ஒரு தடவையில் ஒரு சில குட்டிகளை மட்டும் ஈனும். மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடுகிறதே, பிடித்தால் குறையாது என்ற கணக்குச் சுறாவுக்குப் பொருந்தாது.

எனக்கு உண்மையில் மனம் நோவது முருகைக்கல்லை (பவளப்பாறையை) பற்றி. அதைக் கல் என்றே நினைத்து ஏறி நிற்கிறார்கள். உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற வேறுபாடு இல்லை. ஒவ்வொரு முருகைக்கல்லும் ஆயிரக்கணக்கான சிறு விலங்குகளின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசிகள் வெளியேறிவிடும், கல் வெளுத்துவிடும். வெளுத்த கல்லைப் பார்த்து "என்ன அழகான வெள்ளை" என்று படம் எடுப்பவர்களும் உண்டு. அது பட்டினியில் கிடக்கிறது. கொம்பு கொம்பாக வளரும் வகைகள் ஆண்டுக்குச் சில அங்குலம் வளரும், உருண்டைப் பாறை வகைகள் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஒருவர் காலை ஊன்றும் ஒரு நொடியில் பல ஆண்டு வளர்ச்சி உடைந்து போகிறது. டைனமைட் போடுபவர்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும்.

---

டச்பே பழையவன் (டொரொன்டோ):

கோணேசர் மலையில் நின்று கடலைப் பார்த்து வளர்ந்தவன். தூரத்தில் நீர் பீறிட்டதை அங்கிருந்து சிறு வயதில் கண்டிருக்கிறேன். திமிங்கிலம் குடித்த நீரைத் தலையால் கக்குகிறது என்று அம்மம்மா சொன்னார். இத்தனை பெரிய உயிர் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவது ஏன்? அவை துருவத்திலிருந்து வந்து போகின்றனவா? திமிங்கில வாந்தி கோடிக்கணக்கில் விலை போகும் என்று செய்திகள் வருகின்றனவே, அதுவும் உண்மையா? ஆசிரியர் விரிவாக எழுதினால் என் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுவேன்.

---

நிலாவெளி ஆசிரியர்:

எழுதுகிறேன் ஐயா. இது நான் மிகவும் விரும்பும் பகுதி.

கிட்ட வருவதற்குக் காரணம் கடலின் அடியில் இருக்கிறது. கொட்டியாரக் குடாவிலிருந்து வெளிக் கடலை நோக்கி ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்குகிறது. உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் அதுவும் ஒன்று. துறைமுக வாயிலிலேயே ஆழம் தொடங்கிவிடுகிறது, வெளியே போகப் போக 3,000 மீற்றரையும் தாண்டுகிறது. மகாவலி கொண்டுவந்து சேர்க்கும் சத்துகளும் இந்தக் குடாவில்தான் விழுகின்றன. ஆழக் கடலில் வாழ வேண்டிய உயிர்கள் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வருவதற்கு வேறு எங்கும் இப்படி ஒரு வாசல் எளிதில் அமையாது. நமது பக்கத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்கள் அவற்றைக் காண நல்ல காலம்.

அவை துருவத்திலிருந்து வருபவை அல்ல. பெரும்பாலான நீலத் திமிங்கிலங்கள் குளிர்ந்த கடலில் உண்டு, வெப்பக் கடலில் குட்டி ஈன்று, ஆண்டுதோறும் நெடுந்தூரம் போய் வரும். நம்முடையவை வட இந்து சமுத்திரத்தை விட்டுப் போவதில்லை. உருவத்திலும் சற்றுக் குட்டை, 24 மீற்றருக்கு உட்பட்டவை. அன்டார்ட்டிக் கடலில் உள்ளவை 30 மீற்றர் வரை வளரும். அவற்றின் குரலும் வேறு, ஒலிப்பதிவைக் கேட்டே இது இந்தப் பகுதித் திமிங்கிலம் என்று ஆய்வாளர் பிரித்துச் சொல்கிறார்கள். குளிர்க் கடலில் உள்ளவை கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரைத் தின்ன, இலங்கைக் கடலில் உள்ளவை வேறு வகைச் சிற்றிறால்களைத் தின்கின்றன என்பதை நமது நாட்டு ஆய்வாளர் ஆஷா டி வோஸும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்டார்கள். உலகம் முழுவதற்கும் எழுதிய பாடப்புத்தகம் நமது கடலுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இது நல்ல சான்று.

அம்மம்மா சொன்ன நீர், உண்மையில் மூச்சு. திமிங்கிலம் பாலூட்டி, நுரையீரலால் சுவாசிப்பது. மேலே வந்ததும் உள்ளே அடக்கிய சூடான காற்றை மூக்குத் துளை வழியாக விசையோடு விடுகிறது. அதிலுள்ள ஈரமும் துளையைச் சுற்றி நிற்கும் சிறிதளவு கடல்நீரும் துளித்துளியாகச் சிதறுவதால் நீர் பீறிடுவதுபோலத் தெரிகிறது. வாய்க்கும் மூக்குத் துளைக்கும் வழி இல்லை, அதனால் குடித்ததைத் தலையால் கக்க முடியாது.

நீலத் திமிங்கிலத்தின் இதயம் ஒரு கார் அளவு, அதன் இரத்தக் குழாயில் மனிதன் நீந்தலாம் என்றெல்லாம் வாசித்திருப்பீர்கள். கனடாவில் கரையொதுங்கிய ஒன்றின் இதயத்தை உங்கள் டொரொன்டோவிலுள்ள றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் எடுத்துப் பாதுகாத்தது. எடை ஏறத்தாழ 180 கிலோ. பெரியதுதான், ஆனால் கார் அல்ல. எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது அதன் துடிப்பு. கலிபோர்னியாக் கடலில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் மேல் கருவி ஒட்டிப் பதிவு செய்து 2019இல் வெளியிட்டார்கள். ஆழத்துக்கு மூழ்கியிருக்கும்போது நிமிடத்துக்கு 2 தடவை வரை இறங்குகிறது. மேலே வந்து மூச்செடுக்கும்போது 37 வரை ஏறுகிறது. நிமிடத்துக்கு இரண்டு துடிப்பில் அவ்வளவு பெரிய உடல் உயிரோடு இருக்கிறது!

கடலில் மிகப் பெரிய சத்தம் போடுவது நீலத் திமிங்கிலம் என்பார்கள். அந்த இடம் ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கு உரியது. பற்கள் உள்ள திமிங்கிலங்களில் மிகப் பெரியது அதுதான். ஒரு மணிநேரத்துக்கு மேல் மூச்சடக்கி, ஆயிரம் மீற்றருக்கும் கீழே இருட்டில் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்துக் கணவாய் வேட்டையாடுகிறது. 1982 முதல் 1984 வரை 'ரியூலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வுக் குழு அவற்றைப் பின்தொடர்ந்து படித்தது நமது திருகோணமலைக் கடலில்தான். உயிருள்ள ஸ்பேர்ம் திமிங்கிலங்களைக் கொல்லாமல் ஆராய்ந்த முன்னோடிப் பணிகளில் ஒன்று அது.

வாந்தி என்று சொல்லப்படும் அம்பர் இந்த இனத்தின் குடலில் உருவாவது. கணவாயின் கொம்பு போன்ற அலகு செரிக்காமல் குடலை உறுத்தும், அதைச் சுற்றி மெழுகு போன்ற பொருள் படியும். பெரும்பாலும் மலத்தோடு வெளியேறுகிறது என்றே கருதுகிறார்கள். மிகச் சில திமிங்கிலங்களில்தான் அது உண்டாகும். கரையில் கிடைக்கும் வெள்ளைக் கட்டிகள் அநேகமாக மெழுகோ உறைந்த கொழுப்போதான். அதை நம்பி யாரும் கடன்பட வேண்டாம்.

---

சாம்பல்தீவு மாணவி:

சேர், ஆமை முட்டையிடும்போது பிரசவ வேதனையில் அழும் என்று பாட்டி சொல்வார். பேய்க்கணவாய் ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகுமா?

---

நிலாவெளி ஆசிரியர்:

அந்தக் கண்ணீர் உப்பு மகளே. ஆமை கடல்நீரோடு சேர்த்து விழுங்கும் உப்பைக் கண்ணருகில் உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது வழிந்துகொண்டே இருக்கும், கரையில்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். கரை சூடாகிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார்.

பேய்க்கணவாய் ஆளை இழுப்பதில்லை. மூன்று இதயங்கள், நீல இரத்தம், நரம்புக் கலங்களில் பெரும்பங்கு கைகளிலேயே. நிறக்குருடாக இருந்துகொண்டு சுற்றியுள்ள நிறத்துக்கு எப்படி மாறுகிறது என்பது இன்னும் முழுதாக விளங்காத விந்தை. நமக்கு உயிராபத்துத் தரக்கூடியது உள்ளங்கை அளவிலான நீல வளையப் பேய்க்கணவாய் ஒன்றுதான். அதன் எச்சிலில் இருப்பது பேத்தையில் உள்ள அதே நஞ்சு. நீல வளையம் ஒளிரும் எதையும் தொடாதே.

---

குச்சவெளிச் சுழியோடி:

கடலட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எங்கள் வருமானம் அது. அட்டை சும்மா கிடந்து மண் தின்கிறது, எடுத்தாலும் கடலுக்கு நட்டமில்லை என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அட்டை நிறைந்த இடத்தின் மணலும் அட்டை தீர்ந்த இடத்தின் மணலும் ஒன்றல்ல. தீர்ந்த இடத்தில் மேல் மண்ணில் பாசியும் அழுக்கும் படிந்து கிடக்கும்.

---

நிலாவெளி ஆசிரியர்:

நீங்கள் கண்டதைத்தான் விஞ்ஞானமும் சொல்கிறது தம்பி. கடலட்டை மணலை விழுங்கி அதிலுள்ள அழுகிய பொருளைத் தின்று, மணலைத் துப்புரவாக்கி வெளியே விடுகிறது. அது நட்சத்திரமீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு. குதத்தின் வழியாக நீரை உள்ளிழுத்துச் சுவாசிக்கிறது. சில இனங்கள் ஆபத்து வந்தால் தம் குடலையே வெளியே தள்ளிவிட்டுப் பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். ஆனால் ஓர் இடத்தில் அட்டைகள் ஐதாகிவிட்டால் கருக்கட்டல் நடப்பது அரிது. அவை முட்டையையும் விந்தையும் நீரில்தான் விடுகின்றன, அருகில் துணை இல்லாவிட்டால் எல்லாம் வீண். முழுவதும் அள்ளிய இடத்தில் பல ஆண்டுகள் போனாலும் திரும்ப வராததற்கு இதுவே காரணம்.

---

புறாமலைப் படகு:

சொறிமுட்டை (ஜெல்லிமீன்) பட்டால் சிறுநீர் ஊற்றச் சொல்கிறார்களே, தாதி அக்கா?

---

மூதூர்த் தாதி:

வேண்டாம். சிறுநீரும் நன்னீரும், தோலில் ஒட்டிக் கிடக்கும் வெடிக்காத நச்சுக் கலங்களை வெடிக்க வைக்கலாம். மணலால் தேய்ப்பதும் அப்படியே. கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கையுறையோடு அல்லது சாவணத்தால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டு நீரில் அந்த இடத்தை வையுங்கள். திருக்கை முள், கல்மீன் முள் குத்தினாலும் சூட்டு நீர் வலியைக் குறைக்கும். கரையில் செத்துக் கிடக்கும் சொறிமுட்டையும் சுடும், பிள்ளைகளை அதனோடு விளையாட விடாதீர்கள். மூச்சு எடுக்கச் சிரமப்பட்டால் உடனே மருத்துவமனை.

---

கரைவலை (திருக்கடலூர்):

மாஸ்டர், எங்கள் மீனவர் சங்கக் கூட்டத்துக்கு வந்து கடற்பாம்பையும் பேத்தையையும் பற்றிப் பேசுவீர்களா? படம் இருந்தால் நல்லது. தாதித் தங்கச்சி எழுதியதை ஒரு தாளில் அடித்துத் தந்தால் படகுகளில் ஒட்டுவோம். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும், வயதானவர்களும் வாசிக்க வேண்டும்.

---

நிலாவெளி ஆசிரியர்:

கட்டாயம் வருகிறேன். தாளை இந்த வாரமே தயாரிக்கிறேன். கிண்ணியா உம்மா, உங்கள் பக்கத்துக்கும் தனியாக அச்சடித்து அனுப்புகிறேன், பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் ஒட்டலாம்.

---

மூதூர்த் தாதி:

தாளில் இதையும் சேர்த்துவிடுங்கள் மாஸ்டர்: கடிபட்டவரோ மீன் சாப்பிட்டவரோ வந்தால் எத்தனை மணிக்கு நடந்தது என்று உடன் வருபவர் சொல்ல வேண்டும். சமைத்த மீனில் மிஞ்சியதை எறியாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். அதே சட்டியில் சாப்பிட்ட மற்றவர்கள், நன்றாக இருந்தாலும், கூடவே வர வேண்டும்.